நோரீனின் உள்ளங்கை

மூன்றாம் தடவையும் சாவியைத் திருப்பினான் டெல்பர்ட். என்ஜின் எதிர்ப்பக்கமாக உதைத்து, கார்புரேட்டர் வழியே நெருப்பைத் துப்பி அடங்கியது.

இறுதிப் பந்தயத்துக்கு இன்னும் பத்தே நிமிடம்.

ஓஹாயோ சோளக்கொல்லைகளுக்கு நடுவே நேர்கோடாகக் கிடந்த அந்தக் கால் மைல் ஓடுதளத்தில் ஆறு வருடமாகப் பந்தயக் கார் ஓட்டுகிறான். இறுதிச் சுற்றுவரை வந்தது இதுதான் முதல்முறை. அரையிறுதி முடிந்த கையோடு, சிலிண்டர்களுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் போய்விட்டது. வேறொன்றை மாட்டினான். பொறி எந்த நொடியில் விழுகிறது என்று காட்டும் டைமிங் விளக்கு, அந்த அவசரத்தில் கைதவறி விழுந்து உடைந்தது.

பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் பொறி விழ வேண்டும். ரொம்ப முந்தினால் என்ஜின் தன்னையே உடைத்துக்கொள்ளும். பிந்தினால் எட்டு சிலிண்டர் இருந்தும் டிராக்டர்தான்.

பக்கத்தில் நின்ற நீலக் காரிலிருந்து நோரீன் இறங்கி வந்தாள். இறுதிப் பந்தயத்தில் அவனோடு மோதப்போகிறவள். அவன் வண்டி கிளம்பாவிட்டால் கோப்பை அவளுக்கு.

"என்ன, துக்கம் விசாரிக்க வந்தீங்களா?" என்றான்.

அவள் சிரித்தாள். திறந்து கிடந்த என்ஜின்மேல் குனிந்தாள். உறுமல் ஓயாத அந்த இடத்தில் எல்லோருக்குமே கைச்சாடைதான் பேச்சு. விரலைச் சுழற்றிக் காட்டினாள். அவன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.

போல்ட்டைத் தளர்த்தி, ஒரு கையால் டிஸ்ட்ரிபியூட்டரைப் பற்றினாள். மறு உள்ளங்கையைக் காரின் தகட்டில் பதித்தாள். கண்களை மூடிக்கொண்டாள்.

மெல்லத் திருகினாள். என்ஜின் இருமியது, தடுமாறியது, பிடித்துக்கொண்டது.

இன்னும் ஒரு துளி திருகினாள். பிறகு அதில் பாதி பின்னால்.

இருக்கையின் நடுக்கம் சட்டென்று நின்றது. எட்டு சிலிண்டரும் ஒரே மூச்சாக ஓடின. இந்தக் காரில் இப்படி ஒரு சீரை டெல்பர்ட் அறிந்ததே இல்லை. 

போல்ட்டை இறுக்கிவிட்டு அவள் தன் காருக்குப் போய்விட்டாள்.

பச்சை விளக்கு எரிந்தது. டெல்பர்ட் தன் வாழ்நாளிலேயே வேகமான ஓட்டத்தை ஓடினான். அரை கார் நீளத்தில் அவள் ஜெயித்தாள்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக வேறொருவரிடம் டைமிங் விளக்கை இரவல் வாங்கினான். என்ஜினை விரட்டி ஒளியைப் பாய்ச்சினான். என்ஜின் முனையில் சுழலும் சக்கரத்திலிருந்த கோடு, நிற்க வேண்டிய முப்பத்தாறாவது டிகிரியில் அசையாமல் நின்றது. எத்தனையோ நாள் இதேபோன்ற விளக்கை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியும் அவனுக்குப் படியாத இடம்.

ஓடினான். நோரீன் முதுகைக் காட்டியபடி டயரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காரின் மறுபக்கம் அவள் கணவன் ரஸ்.

"நோரீன்! எப்படிங்க அவ்வளவு சுத்தமா வச்சீங்க?"

அவள் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டான். துணி டயரைச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜெயித்த கர்வம்போல என்று நினைத்தான்.

ரஸ் தலையை நிமிர்த்தினான்.

"தோளைத் தொட்டுட்டுக் கேளு தம்பி. நாலு வயசுல வந்த காய்ச்சலோட அவளுக்குக் காது போயிடுச்சு."