கப்பித்தானுக்கு ஒரு விடுமுறை

“நாய்க்கு எதுக்கு ஊர் சுத்தல்?” என்று ஈஸ்டர் சமயத்தில் ஒருநாள் அண்ணன் எஃப்ராயின் கேட்டபோது நெரெய்தா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தைத்துக்கொண்டிருந்த பாவாடையின் ஓரத்தை மடித்து, தலை குனிந்தபடி மெஷினை மிதித்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற பழக்கம் அப்போது அவளுக்கு இல்லை.

ஆகஸ்ட் பிறந்தது. ஒயினுக்குப் பேர்போன குவாதலூப்பே பள்ளத்தாக்கில் திராட்சை அறுப்பு ஆரம்பித்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். அன்றைக்கே போனை எடுத்தாள்.

“நாயோட வந்து தங்கலாம்னு விளம்பரத்துல போட்டிருக்கீங்களே, நெசந்தானா?”

“தாராளமா வாங்க,” என்றாள் மறுமுனையில் அம்பாரோ. தோட்டத்துக்கு நடுவில் மரக் குடில்கள் கட்டி வாடகைக்கு விடுகிறவள். “ஆனா சில கேள்வி கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. எத்தனை பேரு?”

“நானும் அதுவும்.”

“அது பேரு?”

நெரெய்தா கொஞ்சம் யோசித்தாள். “கப்பித்தான்.”

“என்ன வகை?”

“எல்லா வகையும் கொஞ்சம் கொஞ்சம்.”

அம்பாரோ சிரித்தாள். “எடை?”

“தூக்கிப் பார்த்ததில்ல. ஒரு மாவு மூட்டை இருக்கும்.”

“கட்டில்ல ஏறிப் படுக்குமா?”

“கட்டிலையே அது பார்த்ததில்ல.”

“மனுஷங்களைக் கடிக்குமா?”

“பக்கத்துல யாராச்சும் போனாத்தானே கடிக்க?”

“சரிதான். தடுப்பூசிச் சீட்டு இருக்கா?”

“வர்ற வழியில போட்டுக்கிட்டு வந்துடறேன்.”

“இத்தனை நாளா போடலையா?”

“இப்போ போடறேன்ல.”

“ரொம்ப முக்கியம், திராட்சை மட்டும் குடுத்துடாதீங்க. நாய்க்கு அது வெஷம். அப்புறம் இந்தச் சனிக்கிழமை அறுவடைத் திருவிழா, கூட்டம் ஜாஸ்தி. அடுத்த வாரம் வந்தா ஓடைப் பக்கத்துக் குடிலையே தர்றேன்.”

“இந்தச் சனிக்கிழமைதான் வேணும்.”

“மூலைக் குடில் ஒண்ணுதான் காலி. டிராக்டர் சத்தம் கேக்கும். வாசல்ல சிமெண்ட்கூட போடல, வெறும் மண்ணு.”

“மண்ணா? அதையே குடுங்க,” என்றாள் நெரெய்தா.

போனை வைத்தாள். எட்டு வருஷமாகச் சிமெண்ட் தரையைத் தவிர வேறெதையும் மிதித்தறியாத நாய் அது. ஒரு தடவையாவது அதன் கால் மண்ணில் படவேண்டும். இந்தச் சனிக்கிழமை தவறினால் அடுத்த ஆகஸ்ட் வரை வழியில்லை. அதுவரை அந்த நாய் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எஃப்ராயின் வந்தான். பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்ததைப் பார்த்தான். ஒரு போர்வை, ஒரு அலுமினியத் தட்டு, தண்ணீர்க் கேன், துணியில் சுற்றிய சோள ரொட்டிகள்.

“ஒயின் குடிக்கப் போற இடத்துக்கு நாயைக் கூட்டிக்கிட்டுப் போறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்.”

“அங்க வர்றவங்க பாதிப்பேரு நாயோடதான் வர்றாங்களாம்.”

“அதெல்லாம் எல்லைக்கு அந்தாண்ட பணக்கார நாட்டுலயிருந்து வர்ற நாய். சோப்பு போட்டுக் குளிக்கும்.”

“இதுவும் குளிக்கும். ஒரு நாளைக்கு விட்டுப் பாரேன்.”

“என் வண்டில ஏறுமா?”

“நான் ஏறினா ஏறும்.”

அவன் குரலைத் தாழ்த்தினான். “தெருவுல யாராச்சும் பார்த்துக் கேட்டா என்ன சொல்றது?”

“லீவுக்குப் போறோம்னு சொல்லு. பொய்யா அது?”

எஃப்ராயின் மூலையில் கயிறு போட்டுக் கட்டியிருந்த தையல் மெஷினைக் கண்டான். “ரெண்டு நாளைக்குப் போறவளுக்கு இது எதுக்கு?”

“அறுப்புக்கு அத்தனை பேரு வர்றாங்க. ஒருத்தன் கால்சட்டைகூடவா கிழியாது?”

“அப்போ ஞாயித்துக்கிழமை நான் வந்து கூட்டிக்கிட்டு வரணுமா, வேணாமா?”

“வேணும்னா போன் பண்றேன்.”

அவன் தங்கையை உற்றுப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே அழுதவள். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு இந்த அறைக்குள்ளேயே இருபது வருஷம் குனிந்து தைத்தவள். இப்போது நிமிர்ந்து நின்று அவன் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“யோசிச்சுத்தான் செய்றியா?”

“யோசிச்சு யோசிச்சுத்தான் அண்ணே எட்டு வருஷம் போச்சு.”

அவன் குனிந்து மெஷினை வாசல் பக்கம் நகர்த்தி வைத்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி வாசலில் நின்றது. மெஷினும் பொட்டலங்களும் ஏறிவிட்டன. வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடமே கொடுத்தாகிவிட்டது. நெரெய்தா மட்டும் ஏறாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து வீட்டு இலாரியோ, வருஷா வருஷம் ஆகஸ்டில் செய்வதுபோல், மகளைப் பார்க்க எல்லை தாண்டிப் போக மூட்டை முடிச்சோடு தன் காரில் கிளம்பினார். நெரெய்தாவுக்குக் கையசைத்தார். அவளும் அசைத்தாள்.

கார் மூலை திரும்பியது. நெரெய்தா, அண்ணனிடமிருந்து இரும்பு வெட்டும் கத்தரியை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். தினமும் அவள் ரொட்டித் துண்டு போடுகிற, நடுவிலிருந்த குட்டைச் சுவரைத் தாண்டி இலாரியோவின் மாடியில் இறங்கி, சங்கிலியை ஒரே அழுத்தில் வெட்டினாள்.

எட்டு வருஷமாக அந்த மாடியில் கட்டிக் கிடந்து, தெருவில் போகிற நிழலைக்கூட விடாமல் குரைத்துத் தீர்த்த இலாரியோவின் காவல் நாய், அவள் பின்னாலேயே சுவரைத் தாண்டி, ஒவ்வொரு படியாக முகர்ந்து இறங்கி, ஒரு சத்தமும் போடாமல் வண்டியில் ஏறிப் போயிற்று.