மிஷின் பொய் சொல்லாது

“சம்பந்தி, இந்தத் திரையை மட்டும் பாருங்க. பின்னாடி திரும்பிப் பாக்கவே வேண்டாம்.”

மருதை ரிவர்ஸ் கியர் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வருங்காலச் சம்பந்தி சரவணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பின் இருக்கையில் பெண்கள் தாம்பூலத் தட்டோடு இருந்தார்கள். விஜயதசமி. நல்ல நேரத்துக்குள் காட்டூரிலிருந்து கிளம்பி, ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாக வேண்டும்.

“பம்பர்ல நாலு வட்டம் இருக்கு. அதுலேருந்து நம்ம காதுக்குக் கேக்காத ஒரு சத்தம் போகும். பின்னாடி ஏதாவது இருந்தா பட்டுத் திரும்பி வரும். எவ்வளவு நேரத்துல வருதுன்னு கணக்குப் போட்டு இங்க காட்டும். தூரமா இருந்தா பச்சை, கிட்ட வந்தா மஞ்சள், ஒட்டினா சிவப்பு.”

காருக்கு வயது பதினோரு நாள். பதினோரு நாளில் இந்தப் பாடத்தைக் கேட்காதவர் தெருவில் இல்லை. நேற்று ஆயுத பூஜையில் சந்தனக் கிண்ணத்தோடு அவர் காரைச் சுற்றிவந்த வேகத்தைப் பார்த்து, மனைவி அமிர்தமே, “சாமிக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க” என்று சொல்ல வேண்டியிருந்தது.

கார் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. பீ... என்று ஒரே கத்தல். திரை முழுக்கச் சிவப்பு.

“பாத்தீங்களா, எப்படி வேலை செய்யுது!” என்றார் மருதை.

எதிர்வீட்டு வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டர் நின்றது. பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற அற்புதசாமியுடையது. மனுஷர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“சார், ஸ்கூட்டரை எடுங்க.”

“நடுவுல எட்டடி இருக்கே சார்?”

“நம்ம கண்ணுக்கு எட்டடி. மிஷினுக்குத் தெரியும்.”

அற்புதசாமி எடுத்தார். பீ... நிற்கவில்லை.

“அந்தப் பூந்தொட்டி.”

முட்டியைப் பிடித்துக்கொண்டு நாலு தொட்டியையும் உள்ளே நகர்த்தினார். பீ...

“கேட்டைச் சாத்துங்க. நீங்களும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

பீ...

“மிஷின்லயே ஏதாவது கோளாறோ?” என்று சரவணன் மெதுவாகக் கேட்டார்.

“மிஷின் பொய் சொல்லாது சம்பந்தி. மனுஷன்தான் சொல்வான்.”

மருதை இறங்கிப் போனார். ரோட்டைப் பார்த்தார். சாக்கடையைப் பார்த்தார். மேலே போகும் கேபிள் ஒயரைக்கூட விடவில்லை. காருக்குப் பின்னால் இருந்த எல்லாவற்றையும் பார்த்தவர், காரின் பின்புறத்தை மட்டும் பார்க்கவில்லை. நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. பெண் கொடுக்கப்போகும் இடத்தில் மானம் போகிறதே என்று அற்புதசாமி பக்கம் திரும்பினார்.

“உண்மையைச் சொல்லுங்க சார். ராத்திரி உங்க ஸ்கூட்டரை வச்சு இடிச்சிட்டீங்கதானே? கார் வந்ததுலேருந்து உங்களுக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கு.”

மாடி வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. “என்னங்க, வேண்டாங்க” என்றாள் பின் இருக்கையிலிருந்து அமிர்தம். சரவணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அற்புதசாமி நடந்து வந்து காரின் பின்பக்க பம்பருக்கு எதிரே குனிந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த சரவணனின் முகம் கண்ணில் பட்டது. மூடிக்கொண்டார்.

“ஆமா சார். ஸ்கூட்டரைத் திருப்பறப்ப லேசா உரசிருச்சு போல. சேறு அப்பியிருக்கு. மன்னிச்சுக்குங்க. நீங்க உள்ள உக்காருங்க, நான் துடைச்சு விடறேன்.”

தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைக் குழாயில் நனைத்துக்கொண்டு வந்தார். துடைத்துவிட்டு அவர் விலகியதும் கத்தல் நின்றது. திரையில் பச்சை வந்தது.

“நான் சொல்லலை?” என்று சம்பந்தியிடம் சிரித்த மருதை, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். “பரவாயில்லை சார். இனிமே பாத்து ஓட்டுங்க.”

“சரிங்க சார்.”

காவிரிப் பாலம் தாண்டும்வரை, எதிர்வீடு நல்லபடியாக அமைவதற்கும் கொடுத்துவைக்க வேண்டும் என்று மருதை பேசிக்கொண்டே வந்தார். மண்டபம் கிடைத்தது. மத்தியானம் எல்லாரும் காட்டூர் திரும்பினார்கள். சரவணன் காபி குடிக்க உள்ளே போனார். ஸ்கூட்டர் போட்ட கீறல் எவ்வளவு நீளம் என்று பார்க்க, மருதை மட்டும் காருக்குப் பின்னால் குனிந்தார்.

கீறலே இல்லை.

எதிர்வீட்டுக் காம்பவுண்டுக்குள் துணி துவைக்கிற சத்தம் கேட்டது. கூடவே அற்புதசாமியின் மனைவி சகாயம்மாளின் குரல்.

“எத்தனை சோப்புப் போட்டாலும் இந்தச் சந்தனமும் குங்குமமும் போக மாட்டேங்குதே. நம்ம வீட்டுல ஏதுங்க இது?”

மருதை குனிந்தபடியே நின்றார். எதிரே நாலு வட்டங்கள், பளிச்சென்று. நேற்று அவை பொட்டு வைக்கவென்றே அளவெடுத்துச் செய்ததுபோல வரிசையாக இருந்தன. கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வைத்தது அவரேதான். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த வாத்தியார், மிஷினின் கண்ணைத் தானே அடைத்துவிட்டு, அடுத்தவர் வீட்டுப் பூந்தொட்டியை நகர்த்தச் சொல்லியிருக்கிறார். கட்டைவிரலை முகர்ந்து பார்த்தார். இன்னும் மணத்தது. எதிர்வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தார்.

அதற்குள் அற்புதசாமியின் குரல் கேட்டது.

“மெதுவாப் பேசு சகாயம். அவங்க சம்பந்தி இன்னும் உள்ளதான் இருக்காரு.”