சாவு வீட்டுச் சரக்கு

மதுவிலக்கு இருந்தாலும் அந்த ஊரில் பிணம் தூக்குபவர்களுக்குக் குடிக்க ஊற்றித்தான் ஆகவேண்டும். சாராயம் மொத்தமும் மாசிலாமணி கையில்; போலீசும் அவன் கையில்தான். அவனிடம் வாங்கிக் குடித்துத்தான் எத்திராஜ் கண் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு வீடு வந்து சேர்ந்து, விடிவதற்குள் செத்துப்போனான்.

பாடை கட்டியாயிற்று. வெயில் ஏறியும் யாரும் தொடவில்லை.

"ஊத்தாம எப்டிம்மா தூக்கறது? நாத்தம் தாங்காதே," என்றான் குழி வெட்டும் கன்னியப்பன். எத்திராஜின் மனைவி பவுனம்மாள் பிணத்தின் முகத்தில் மொய்த்த ஈக்களை முந்தானையால் விரட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது மாசிலாமணியே வந்தான். பிணத்துக்கு ஆளுயர மாலை போட்டான். கூட வந்தவன் தோளிலிருந்து சாராயம் நிரப்பிய லாரி டியூபை இறக்கி அவள் முன்னால் வைத்தான்.

"நம்ம மரியாதை, தங்கச்சி. காசு வேணாம்."

"அதே சரக்காண்ணே?"

"சேச்சே! இது பச்சப்புள்ளைக்கே குடுக்கலாம்."

கன்னியப்பன் எச்சில் விழுங்கினான். பவுனம்மாள் உள்ளே போய் ஒரு டம்ளர் எடுத்துவந்தாள். டியூபைத் திறந்து விளிம்புவரை ஊற்றி மாசிலாமணியிடம் நீட்டினாள்.

"பெரியவரு. மொதல்ல நீங்க குடிங்க."

மேளச் சத்தம் நின்றது.

"நான் இதெல்லாம் தொடறதில்ல, தங்கச்சி," என்று அவன் சிரித்தான்.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அவனும் வாங்கவில்லை. தெருவே டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கன்னியப்பன் எழுந்தான். துண்டை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாடையின் தலைமாட்டில் ஒரு மூங்கில் முனையைப் பிடித்து நின்றான். மற்ற மூன்று முனைகளுக்கும் இன்னும் ஆள் வரவில்லை.