வயிற்றுவலியோடு ஒரு பாட்டு

வயிற்றுவலி என்று டாக்டரிடம் எம்.சி. சீட்டு வாங்கி லீவு எடுத்தவள் வானொலி நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

திலகாவுக்கு இப்போது உண்மையாகவே வயிற்றைக் கலக்கியது.

புக்கிட் பெருந்துங் ஊரில் ஒரு பேக்டரியில் பேக்கிங் வேலை. நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. பாடப் போகிறேன், ஒரு நாள் லீவு வேண்டும் என்று சூப்பர்வைசர் நாராயணசாமியிடம் முறையாகத்தான் கேட்டாள்.

"ரேடியோவுல நேரா போய்ப் பாடணுமா? ரெக்கார்டு போட்டா போதும் லா. அதுல பேட்டி வேற, யாரு கேக்கறா? ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு, போ புள்ள."

அந்த மனுஷன் அப்படித்தான். ரேடியோவில் யார் நேரில் வந்து பாடினாலும் ஒரு குற்றம் கண்டுபிடிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

"பேக்டரியில ரேடியோ ஓடுமே" என்றாள் திலகா, மைக் முன்னால் பத்தாவது தடவையாக.

பக்கத்தில் கித்தாரோடு இருந்த கணவன் புனிதன், "மெஷின் சத்தத்துல யாருக்குக் கேக்கப் போவுது? பேசாம இரு" என்றான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அறிவிப்பாளர் நித்தியா கலகலப்பாக ஆரம்பித்தாள்.

"திலகா, எங்க வேலை செய்றீங்க?"

"புக்கிட் பெருந்துங்ல... ஒரு பேக்டரியில."

"இன்னிக்கு வேலை நாளாச்சே. லீவு கிடைச்சுதா?"

புனிதன் மேசைக்கு அடியில் காலை மிதித்தான். அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"சூப்பர்வைசர் குடுத்தாரு."

சொன்ன பொய்யைத் திரும்ப அள்ள முடியுமா? அது நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சொந்தமாக எழுதிய முதல் பாட்டு. முதல் சரணம் தப்பித்தது. இரண்டாவதில் குரல் ஆடி, ராகம் நழுவி, புனிதன் கித்தாரை ஓங்கி வாசித்து எப்படியோ கரை சேர்த்தான்.

"நேயர்களே, பாட்டு எப்படி? உங்க கருத்தைச் சொல்லுங்க. முதல் அழைப்பு... வணக்கம், யாரு பேசறீங்க?"

"நாராயணசாமி. அந்தப் புள்ளையோட சூப்பர்வைசர்."

வேலை போச்சு. வீட்டு வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் ஒரே நொடியில் கண் முன்னால் வந்து நின்றன.

"அட, லீவு குடுத்த சூப்பர்வைசர் நீங்கதானா?"

மறுமுனையில் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. நித்தியா இரண்டு முறை "ஹலோ" சொன்னாள்.

"எனக்கு இந்த நேரடிப் பாட்டெல்லாம் பிடிக்காது" என்று தொண்டையைச் செருமினார் அவர். "ரெண்டாவது சரணத்துல குரல் ஆடிப்போச்சு. பயந்து பயந்து பாடினா அப்படித்தான் ஆவும்."

திலகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மறுபடியும் ஒழுங்கா பாடச் சொல்லுங்க. லீவுதான் நான் குடுத்துட்டேனே, அப்புறம் எதுக்குப் பயப்படுது அந்தப் புள்ள?"