சொந்த நடை

ஆங்கில இரங்கற்பாக்களைப் பற்றிய ஜெனிலாவின் கட்டுரையை, யார் எழுதியது என்று சோதிக்கும் கல்லூரி இயந்திரம் மறுபடியும் திருப்பி அனுப்பியது: ‘இது ஜெனிலா எழுதியதல்ல.’

“நானே எழுதினது மேம். அம்மாவை அடக்கம் பண்ணிட்டு வந்து ஒக்காந்து எழுதினேன்,” என்று அழுதாள்.

“புரியுதும்மா. ஆனா மூணு வருஷமா நீ குடுத்த கட்டுரையெல்லாம் படிச்சுத்தான் அது உன் நடையைப் புடிச்சு வச்சிருக்கு. அது ஏத்துக்கலைன்னா டிகிரி கிடையாது. எப்பவும் எழுதுற மாதிரியே எழுதிக் குடு,” என்றார் துறைத் தலைவி.

ஜெனிலா வராந்தாவுக்கு வந்து, இத்தனை நாளும் தன் கட்டுரைகளை எழுதிக் கொடுத்த செயலியைப் போனில் திறந்தாள். ‘ஆங்கில இரங்கற்பாக்களில் தாயை இழந்த மகளின் துயரம்’ என்று தட்டினாள். கண்ணைத் துடைப்பதற்குள் கட்டுரை வந்துவிட்டது.

‘ஜெனிலாவின் சொந்த எழுத்து’ என்று இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

“பாத்தியா, மனசு வச்சா உன்னால முடியுது,” என்றார் துறைத் தலைவி.