துலுக்காணம் போட்ட கூரை

"வானமே தெரியலையே!"

கீழேயிருந்து அந்த அம்மாள் சொன்னதும் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பந்தல்காரனுக்கு இதைவிட நல்ல வார்த்தை யார் சொல்லப்போகிறார்கள்? சவுக்குக் கழிமேல் உட்கார்ந்தபடியே மீசையைத் தடவிக்கொண்டான்.

"எப்டிம்மா தெரியும்? ரெண்டு அடுக்கு கீத்து. இது துலுக்காணம் போட்ட கூரை. புயலே வந்தாலும் ஒரு சொட்டு உள்ள வராது."

"ஐயோ, வரணுமே!" என்றாள் சிப்போரா அம்மாள்.

துலுக்காணம் எட்டிப் பார்த்தான். விளையாட்டுக்குச் சொன்ன முகமாகத் தெரியவில்லை.

யூதக் குடும்பம். கொச்சியிலிருந்து ராயபுரத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. கணவருக்குக் கப்பல் கம்பெனியில் வேலை. பண்டிகைக்கு வாசல் முற்றத்தில் ஒரு குடில் வேண்டும், ஏழு நாளும் அதில்தான் சாப்பாடு என்று கூப்பிட்டிருந்தார்கள். நல்ல மனிதர்கள், நனையக்கூடாதே என்று ஓர் அடுக்கு இவனாகவே கூட வேய்ந்திருந்தான்.

"எங்க முன்னோருங்க எகிப்துல அடிமையா இருந்து தப்பிச்சு வந்தவங்கப்பா. பாலைவனத்துல இப்படிக் குடிசையிலதான் கெடந்தாங்க. அத மறக்கக்கூடாதுன்னுதான் இந்தப் பண்டிகை. பகல்ல நெழல் இருக்கணும். ராத்திரி நட்சத்திரம் தெரியணும். இல்லேன்னா இந்தக் குடில் செல்லாது."

"மழ வந்தா?"

"நனைவோம்."

இது என்னடா கூத்து!

துலுக்காணத்தின் கண் எதிர்வீட்டுக்குப் போனது. அரிசி மண்டி தெய்வநாயகத்தின் வீடு. மகளுக்கு வருகிற ஐப்பசியில் கல்யாணம். அடைமழை மாதம். பந்தல் வேலை யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை. போன வாரம் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தான். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

அவர் கண்ணெதிரே ஓட்டைக் கூரையா? கல்யாணப் பந்தல் கைவிட்டுப் போகும். இத்தனை வருஷம் எடுத்த பேரும் சேர்ந்து போகும்.

"வேற ஆளப் பாத்துக்கம்மா." இறங்கிவிட்டான்.

சிப்போரா அம்மாள் மேற்கே பார்த்தாள். வெயில் மஞ்சளாகியிருந்தது.

"பொழுது சாஞ்சா பண்டிகை தொடங்கிடும். அப்புறம் நாங்க கூரையில கை வைக்கக்கூடாது. இந்த ஊர்ல எங்களுக்கு மொதல் பண்டிகைப்பா."



கண் கலங்கி நிற்கும் பெண்பிள்ளையிடம் எந்த நியாயத்தைப் பேசுவது?

"சரி, சரி. ஆனா ஒண்ணு. நான்தான் போட்டேன்னு யார்கிட்டயும் மூச்சு வுடக்கூடாது."

"விடமாட்டேன்."

ஏறினான். கீற்றுகளை உருவிப் போட்டான். ஒவ்வொன்றுக்கும் வயிறு எரிந்தது.

பிறகுதான் தெரிந்தது, இது லேசுப்பட்ட வேலை இல்லை என்று. கூட உருவினால் நிழல் போகிறது. கம்மியாக உருவினால் வானம் போகிறது. இறங்கிப் பார்த்தான். ஏறி ஒரு விரலளவு நகர்த்தினான். மறுபடி இறங்கினான். எரிச்சல் எப்போது போனது என்று அவனுக்கே தெரியாது. நாக்கைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தான்.

வெயில் போவதற்குள் முடிந்தது.

வீட்டுக்குப் போய் ஒரு கவளம்தான் வாயில் வைத்திருப்பான். படபடவென்று மழை.

"சோத்த வெச்சிட்டு எங்க ஓடற?" என்று பெண்டாட்டி கத்தினாள். தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியே போய்விட்டான்.

குடிலுக்குள் ஒரே சிரிப்பு.

சிப்போரா அம்மாள் மீன் குழம்புச் சட்டியை முந்தானையால் மூடிப் பிடித்திருந்தாள். கணவர் குல்லாய் சொட்டச் சொட்ட ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தார். பாட்டு வேறு. கூரை நாலா பக்கமும் ஒழுகியது. ஒருவர் முகத்திலும் குறை இல்லை.

"தார்ப்பா கொண்டாந்துட்டேம்மா!"

"போடக்கூடாதுப்பா. ஒரு வாயாவது இங்க சாப்பிட்டுட்டு உள்ள போயிடுவோம். வா, உக்காரு. குடிலுக்கு விருந்தாளி வந்தா எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்."

உட்கார்ந்தான். கூரையிலிருந்து ஒரு சொட்டு அவன் மூக்கின் மேலேயே விழுந்தது.

அவன் தொழிலில் அதுதான் முதல் சொட்டு. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எதிர்வீட்டு வாசலில் ஒரு குடை விரிந்தது.

"ஏம்மா! எந்தப் பய போட்டான் இந்தக் கூரைய? பேரச் சொல்லுங்க, நான் கேக்கறேன் அவன!"

தெய்வநாயகம்தான்.

சிப்போரா அம்மாள் மறந்தும் துலுக்காணத்தின் பக்கம் திரும்பவில்லை. "கூரை நல்லாத்தான் இருக்குங்க" என்றாள். கணவர் ரொட்டியை மென்றார்.

பேசாமல் இருந்தால் போதும். இருட்டில் யாருக்கும் தெரியாது. கல்யாணப் பந்தல் எங்கும் போகாது.

துலுக்காணம் அண்ணாந்து பார்த்தான். விரல் விரலாக நகர்த்தி வைத்த கீற்று.

இதையா எந்தப் பயலோ போட்டான்?

எழுந்து மழையில் வந்து நின்றான்.

"நான்தாங்க போட்டேன்! ஒழுகணும்னு கேட்டாங்க, ஒழுகுது. ஒழுகக்கூடாதுன்னா ஒழுகாது. உங்களுக்கு எப்டி வோணும், சொல்லுங்க!"



குடை மெல்லத் தெருவைக் கடந்து வந்தது. குடில் வாசலில் மடங்கியது. தெய்வநாயகம் தலையை உள்ளே நீட்டி, அண்ணாந்து, கீற்றுக்குக் கீற்று இருந்த இடைவெளியைப் பார்த்தார். சரியாக நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

"அடேயப்பா!" என்றார். "நமக்கு ஒழுகாத மாதிரி போடு."

சிப்போரா அம்மாள் இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.