கையில் ஏறும் எலி

பக்கத்து வீட்டைக் காலி செய்தவர்கள் கூண்டோடு விட்டுப்போன வெள்ளை எலியை, அதை வளர்க்க வேறு நல்ல வீடு கிடைக்கும்வரை ரெஜினாதான் வைத்திருந்தாள். வந்த புதிதில் கையைக் கண்டாலே மூலையில் ஒடுங்கி நடுங்கும். தினமும் உள்ளங்கையில் பொரியை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்து, கைக்குப் பயப்பட வேண்டாம் என்று அதற்குப் புரியவைத்தாள். பொரி என்றே பெயரும் வைத்தாள்.

வளர்க்கக் கேட்டு வந்தவர் கையை நீட்டியதும் அது ஏறி உட்கார்ந்துகொண்டது.

"நல்லா பழக்கி வச்சிருக்கீங்க மேடம். கடிக்காதுல்ல? போன தடவை வாங்கினது எங்க பாம்போட கண்ணையே கடிச்சிருச்சு."

ரெஜினா எலியைப் பிடுங்கிக்கொண்டாள். "வெளிய போங்க."

"எதுக்குக் கோபப்படுறீங்க? நானும் என் பாம்ப ஆசையாத்தான் வளர்க்கிறேன்."

கதவை அறைந்து சாத்தினாள். எலியைக் கீழே விட்டு, அதன் முகத்துக்கு நேரே தரையை ஓங்கி அடித்தாள்.

"கைய நம்பாத. எவன் கையையும் நம்பாத. என் கையையும் சேத்துத்தான்."

மறுபடி அடித்தாள். எலி வெலவெலத்து அறை முழுக்க ஓடியது. ஒளிய இடம் தேடித் தேடி, கடைசியில் தரையை அடித்த அந்தக் கைக்கு அடியிலேயே வந்து புகுந்துகொண்டது.